மெயின் சுவிட்சை இறக்கியது யார்?

கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதச் சொல்லித் தருகிறார்கள். எழுதியதை எங்கோ ஒரு ஊரில், யாரோ ஒருவருடைய மேசையில் நிறுவிவிட்டு, ஓடவில்லை என்று போன் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த செமஸ்டரிலும் பேப்பர் கிடையாது. அந்தப் பேப்பரை வெயிலில் நின்று எழுதிய ஒரு பையனின் கதை இது. பாஸானானா என்று நீங்களே சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம். அவன் என்றே இருக்கட்டும். விருதுநகர்க்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்பது, பிரிண்டருக்கு மை ஊற்றுவது, கூடவே கடைக்கார அண்ணன் சொந்தமாக எழுதிய பில்லிங் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுப்பது. வாடிக்கையாளர்கள் பருப்பு மண்டி, எண்ணெய்க் கடை, சிவகாசியில் ஒன்றிரண்டு அச்சகம். எல்லாம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனாலும் போக மாட்டார்கள். போனிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். பஸ் காசும் ஒரு நாள் வேலையும் மிச்சம் அல்லவா?

2009-ல் ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் ரோட்டில் ஒரு பட்டாசு ஆலை. அங்கே ஆபீசில் ஒரு சர்வர், டெஸ்பாட்ச் பார்க்கும் அறையில் இன்னொரு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய பெண்டியம் 4 பெட்டிதான். அதில் விண்டோஸ் எக்ஸ்பி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், அண்ணனின் பில்லிங் சாஃப்ட்வேர். மே மாதம் அவன்தான் போய் நிறுவினான். முதல் நாளே டெஸ்பாட்ச் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்க்க மறுத்தது. எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 வந்த 2004-லிருந்து ஃபயர்வால் தானாகவே ஆன் ஆகியிருக்கும். போர்ட் 3306-ஐத் திறந்துவிட்டதும் சரியாகிவிட்டது. அரை மணி நேரத்தில் கண்டுபிடித்த பெருமையோடு ஊர் திரும்பினான்.

கிளம்பும்போது ஆபீசில் பில் போடும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தான். "அக்கா, இந்தப் பெட்டிய மட்டும் ஆஃப் பண்ணவே கூடாது. இது சர்வர். எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும். சாயந்தரம் ஆறு மணிக்கு அதுவா அன்னைக்கு ஸ்டாக் கணக்க முடிச்சுக்கும்."

"சரி தம்பி" என்றார் அக்கா.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தொந்தரவு இல்லை. ஆகஸ்டில் போன் வர ஆரம்பித்தது.

"தம்பி, பில் போட்டா டேபிள் கிராஷ் ஆயிருச்சுன்னு வருது."

அவன் போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி ரிப்பேர் டேபிள் கட்டளையை அடிக்க வைத்தான். சரியானது. ஒரு வாரம் கழித்து மறுபடி. அப்புறம் நான்கே நாளில் மறுபடி. மூன்றாவது தடவை ரிப்பேரில் முந்தைய நாள் பில் பதினொன்று காணாமல் போனது. சரக்கு லாரியில் ஏறிப் போய்விட்டது, கணக்கில் சரக்கு அப்படியே இருக்கிறது!

ஒவ்வொரு போனிலும் அக்கா இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தார். "காலைல ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல வருது தம்பி. எஃப்1 அமுக்கச் சொல்லுது. உள்ள போனா தேதி 2002-னு காட்டுது. தினமும் நானே மாத்திக்கிறேன்."

"அது ஒண்ணும் இல்லக்கா, மாத்திக்கோங்க. டேபிள் விஷயத்தச் சொல்லுங்க" என்று மூன்று தடவையும் பதில் சொன்னான் அவன். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அதே சாஃப்ட்வேரை அதே மாதிரி பெட்டியில் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு கிராஷும் இல்லை. "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு. அந்தம்மாதான் எதையோ நோண்டுது" என்று அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார். அதை ஆலை முதலாளியிடமும் போனில் சொல்லிவிட்டார். முதலாளிக்குக் கோபம். தீபாவளி அக்டோபர் 17. வட மாநில ஆர்டர் முழுக்கக் கிளம்ப வேண்டிய நேரம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பழையபடி நோட்டுக்கே போயிருவோம். அந்தப் பொண்ண பேக்கிங்குக்கு அனுப்பிர்றேன்" என்றாராம்.

பேக்கிங் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆபீஸ் நாற்காலியிலிருந்து பட்டாசு அறைப் பக்கம் போவது. அந்த அக்கா டைப்பிங் முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து அந்த நாற்காலிக்கு வந்தவர்.

இது அவனுக்கு உறுத்தியது. பஸ் காசு சொந்தக் காசு என்றாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் காலை கிளம்பிவிட்டான். ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி, அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டு பக்கமும் கரிசல் காடு, உடை மரம். ஆலை கேட்டில் ஒரு பெரியவர் வாட்ச்மேன். தீப்பெட்டி இருக்கா, சிகரெட் இருக்கா என்று பையைத் தடவிவிட்டு, செல்போனை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

அவனுக்குத் திக்கென்றது. சந்தேகம் வந்தால் அண்ணனைக் கூப்பிடத்தானே அந்த போன்! இனிமேல் ஆபீஸ் லேண்ட்லைன்தான், அதுவும் முதலாளி மேசையில்.

வேறு வழியில்லாமல் அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தான். அவன் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

பட்டாசு ஆலையில் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மருந்து கையாளும் அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. விளக்குப் போட்டு வேலை பார்ப்பது கிடையாது, பகல் வெளிச்சம்தான். எங்கும் தண்ணீர் வாளி, மணல் வாளி. தீயைப் பற்றிய பயம் அங்கே தினசரி ஒழுங்காக மாறியிருக்கிறது. அப்படி இருந்தும் விபத்து நடக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி அதே வட்டாரத்தில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவன் போனது அதற்கு மூன்று வருடம் முன்பு. ஆனாலும் அந்த வாட்ச்மேன் பெரியவரின் முகத்தில் இந்த மாதிரிச் சாவுகளைப் பார்த்த கண்டிப்பு இருந்தது.

காலையில் அக்கா பெட்டியை ஆன் செய்தார். கருப்பு ஸ்கிரீன், எஃப்1, 2002. அவன் கண்ணால் பார்த்தான்.

மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போனாலும், பெட்டிக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை தேதி மாறாது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து வைத்தாலும்கூட, பிளக்கில் கரண்ட் இருந்தால் போதும். அப்படியென்றால் தினமும் காலையில் தேதி 2002-க்குப் போகிறது என்பதற்கு ஒரே அர்த்தம்தான். தினமும் ராத்திரி அந்தப் பெட்டிக்குக் கரண்ட் சுத்தமாக நிற்கிறது.

"அக்கா, நைட்டு கரண்ட் போகுதா?"

"அது தெரியாது தம்பி. நாங்கதான் அஞ்சரைக்கே கிளம்பிருவோமே. சீசன்ல ஆறு, ஆறே கால் ஆகும்."

சாயந்தரம்வரை இருந்தான். லாரிக்கு லோடு முடிந்தபோது மணி ஆறைத் தாண்டிவிட்டது. கடைசிப் பில்லைப் போட்டுவிட்டு அக்கா எழுந்தார். சர்வரை ஆஃப் செய்யவில்லை. தம்பி சொன்ன பேச்சு! எல்லோரும் வெளியே வந்ததும் பெரியவர் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஆபீஸ் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து டக்கென்று கீழே இறக்கினார்.

உள்ளே யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தியது. பேட்டரி பழசு. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கத்தல் நின்றது.

"ஐயா, தினமும் இறக்குவீங்களா?"

"பின்ன? பட்டாசு ஆபீஸ்ல ராத்திரி கரண்ட வச்சுட்டா போவாங்க? கடைசியா போறவன் மெயினை இறக்கிட்டுத்தான் போகணும். இருவது வருசமா இதான் பழக்கம்."

அங்கேயே நின்றுகொண்டு அவன் மனசுக்குள் கணக்கைப் போட்டு முடித்தான். ஆறு மணிக்கு ஸ்டாக் கணக்கை முடிக்கும் வேலை தானாகத் தொடங்கும். சாதாரண மாதங்களில் ஐந்தரைக்கே மெயின் இறங்கிவிடும். அந்த வேலை தொடங்கவே தொடங்காது, அதனால் கெடுதலும் இல்லை. மறுநாள் காலையில் சாஃப்ட்வேர் அதைத் தானே பிடித்துக்கொள்ளும். சீசன் வந்ததும் ஆபீஸ் ஆறு மணி தாண்டி இருக்க ஆரம்பித்தது. இப்போது வேலை தொடங்கி, பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மெயின் இறங்குகிறது. எந்த நாள் சரியாக நடுவில் மாட்டுகிறதோ அந்த நாள் டேபிள் கிராஷ். கடையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபோது வரவில்லை என்றால் எப்படி வரும்? கடைச் சுவரில் சுவிட்சை இறக்கப் பெரியவர் இல்லையே!

இதில் தப்பு செய்தது யார்? பெரியவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அக்கா இரண்டு பேர் பேச்சையும் கேட்டிருக்கிறார். 'ஆஃப் பண்ணக் கூடாது' என்று ஒருத்தன் சொன்னான், ஆஃப் பண்ணவில்லை. மிச்சம் இருப்பது நிறுவிவிட்டுப் போனவன்தான். அந்த ஆலையில் சாயந்தரம் என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஏசி போட்ட சர்வர் ரூமுக்குச் சொல்லும் விதியைக் கரிசல் காட்டில் சொல்லிவிட்டு வந்தவன். மூன்று தடவை போனில் விடையைச் சொன்னவரிடம் 'அது ஒண்ணும் இல்ல' என்றவன்.

லேண்ட்லைனுக்குப் போய் அண்ணனிடம் அதைத்தான் சொன்னான். அப்புறம் முதலாளியிடமும் சொன்னான். "அக்கா மேல தப்பு இல்லைங்க அண்ணாச்சி. நாங்க சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு." முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. "சீக்கிரம் சரி பண்ணிக் கொடுங்க" என்றார், அவ்வளவுதான். அக்கா அதே நாற்காலியில் இருந்தார்.

மறுநாள் திரும்பப் போய் நான்கு வேலை செய்தான். சிவகாசியில் அந்த வட்டப் பேட்டரி ஒன்று வாங்கி மாற்றினான். யூபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொன்னான். ஸ்டாக் கணக்கை முடிக்கும் வேலையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினான். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு காகிதம் ஒட்டினான்: 'முதலில் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யவும். திரை அணைந்த பிறகு மெயினை இறக்கவும்.'

ஐந்தாவதாக இன்னொன்று உண்டு. அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. அது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனால் விருதுநகர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல் எதுவும் சொல்லாவிட்டால் மைஐசாம் என்ற முறையில் டேபிளை அமைக்கும். அது வேகமானது, ஆனால் நேராகப் பேரேட்டிலேயே எழுதுகிற கணக்குப்பிள்ளை மாதிரி. பாதி வரியில் விளக்கு அணைந்தால் அந்தப் பக்கமே குழம்பிப்போகும். இன்னோடிபி என்று இன்னொரு முறை உண்டு. அது பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை. எது நடந்தாலும் முதலில் சிட்டையில் குறித்துவிடும். அப்புறம்தான் பேரேட்டில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் சிட்டையைப் புரட்டி, முடிந்த வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றும், பாதியில் நின்றதை அடித்துவிடும். டேட்டாபேஸ் பாடத்தில் இதற்கு 'ரைட் அஹெட் லாகிங்' என்று பெரிய பெயர். நம் ஊர் மண்டிகளில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம்! 2010 டிசம்பரில் வந்த மைஎஸ்க்யூஎல் 5.5-லிருந்து இன்னோடிபிதான் தானாக வரும் முறையாகிவிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே அவன் அந்த ஆலையின் டேபிள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டான்.

இதே பாடத்தைப் பெரிய ஆட்களும் படித்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவும் ரொம்பத் தூரத்தில் இல்லை. மதுரைக்கு மேற்கே, தேனியில்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களில் அதன் கண் பரிசோதனை மையங்கள். மையத்துக்கு வரும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசுவார். இதற்காக அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவரின் ஆராய்ச்சிக் குழு, வைஃபையையே நெடுந்தூரம் போகும்படி மாற்றி ஒரு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தது. மொத்தம் 9 இணைப்புகள். நீளமானது 15 கிலோமீட்டர். சில கருவிகள் டவரில். ஒன்றை ஒரு துணி ஆலையின் மின்நிலையப் புகைபோக்கியில் ஏற்றியிருந்தார்கள்.

அதை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தை அந்தக் குழு 2008-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. வைஃபையின் வேகத்தைவிட, போட்ட நெட்வொர்க்கை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் அதில் பெரிய விஷயம். அவர்கள் சந்தித்த கோளாறுகளில் சுமார் 90 சதவீதம் மோசமான கரண்டால் வந்தவை. வோல்டேஜ் குறைவது, எகிறுவது, திடீரென்று நிற்பது. 1000 வோல்ட் அளவு ஸ்பைக்குகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், ரவுட்டரில் இருக்கும் மெமரி கார்டு கெட்டுப்போகும். கெட்டால் கருவி எழுந்திருக்காது. அமெரிக்காவிலிருந்து நெட் வழியாக உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், உள்ளே போக வேண்டிய கருவியே படுத்துக் கிடக்கும்.

அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று, மெமரி கார்டில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை 'படிக்க மட்டும்' என்று வைத்துவிடுவது. எழுதவே இல்லையென்றால் பாதி எழுத்தில் நிற்கவும் வழியில்லையே. வோல்டேஜ் ரொம்பக் குறைந்தால் கருவியைத் தானாகத் துண்டிக்கும் சர்க்யூட்டும் செய்தார்கள். முக்கியமாக, மையங்களில் இருக்கும் உள்ளூர் ஆட்களுக்கே கோளாறு பார்க்கப் பழக்கினார்கள். பெர்க்கிலியிலிருந்து எத்தனை நாளைக்குப் பார்க்க முடியும்? அங்கே இருப்பவரின் கண்தான் கடைசியில் உதவும்.

சாயந்தரம் மெயினை இறக்கும் பெரியவர், மழைக்கு முன்னால் மின்னும் விளக்கு, பழைய யூபிஎஸ், இதெல்லாம் நிறுவும் இடத்தின் குறைகள் என்று நினைத்தால் கோபம்தான் வரும். அதுதான் இடம். சாஃப்ட்வேர் அங்கே போய் வாழ வேண்டும்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தது, 2018-ல் இ-வே பில் வந்தது. லாரி கிளம்ப வேண்டுமென்றால் நெட் வேண்டும். பல இடங்களில் சர்வர் பெட்டியே இல்லை, எல்லாம் கிளவுடில். கோளாறு என்றால் எனிடெஸ்க் போட்டு இருந்த இடத்திலிருந்தே ஸ்கிரீனைப் பார்த்துவிடலாம். ஆனால் ஸ்கிரீனில் மெயின் சுவிட்ச் தெரியாது. கதவைப் பூட்டும் பெரியவர் தெரிய மாட்டார்.

அவன் இப்போதும் அதே தொழிலில்தான் இருக்கிறான். புதுப் பையன்களை வேலைக்குச் சேர்த்தால் கட்டளைகளைச் சொல்லித் தருவதற்கு முன்னால் போனில் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லித் தருகிறான். வெளியூரில் எதையாவது நிறுவப் போகும் நண்பர்கள் வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம்.

கோளாறு தினமும் வருகிறதா, சில நாள் மட்டுமா? வந்த நாளில் வழக்கத்தைவிட வேறு என்ன நடந்தது? சாயந்தரம் கடைசியாகக் கிளம்புகிறவர் யார், அவர் எதையெல்லாம் அணைப்பார்? காலையில் ஆன் செய்ததும் முதலில் என்ன தெரிகிறது, அப்படியே ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாம் கேட்ட பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமாக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.